வியன்னாவில் ஓர் இரவு

திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கையில்
மேனேஜர் வீரக்கோன் சொன்னார்:
விருந்தாளிகள் வருமுன்
நம்மில் சிலர் அறைகளில் தூங்கிப் பார்க்க வேண்டும்,
குழாய் ஒழுகுதா, கட்டில் முனகுதா,
ஜன்னல் இடுக்கால் பனி நுழையுதா என்று.
சீட்டுக் குலுக்கினார்கள்.
தெய்வானைக்கு ப்ராக்.
குசினி அந்தோனிக்கு வெனிஸ்.
எனக்கு வியன்னா.

பழைய துரை பங்களாதான் இது.
பதினோரு அறைக்கும் பதினோரு ஊர்ப் பெயர்
பித்தளையில் வெட்டி ஒட்டியிருக்கிறது.
அந்தப் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தவள் நான்.
ராகலையை விட்டு
பதுளை வரை போயிருக்கிறேன்.
கொழும்புக்கு ஒரே முறை, கண் ஆஸ்பத்திரிக்கு.

வரவேற்பு மேசையில் டில்ருக்ஷி
தன் புதுச் சிரிப்பை என்னிடம் பழகினாள்.
"வெல்கம், மேடம்."
இரண்டு பேருக்கும் வெட்கம்.
பதிவேட்டில் ரா. ஞானசௌந்தரி என்று எழுதினேன்.
எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
மேற்கணக்கு, ஆறாம் லயம், நாலாம் காம்பரா,
அவ்வளவுக்கு அதில் இடமில்லை.
'பக்கத்தில்' என்று எழுதினேன்.

நூறு தடவை விரித்துப் பழகிய கட்டில்.
ஐந்து ரூபாய்க் குற்றியைப் போட்டால் துள்ள வேண்டும்,
அப்படி இழுத்துச் செருகிய விளிம்பை
என் காலாலேயே கலைக்க மனம் வரவில்லை.
போர்வைக்கு மேலேயே படுத்தேன்,
சாக்கு மூட்டைமேல் பூனை மாதிரி.
பத்து மணிக் குளிர்
என் மரியாதையை உடைத்தது.

எதிர்ச் சுவரில் வியன்னா:
பச்சைக் கூரைக் கோயில், மழை நனைத்த கல் தெரு,
இரட்டைக் குதிரை வண்டி.
தெரு அத்தனை சுத்தம்.
குதிரைச் சாணத்தை அள்ளியவள்
படம் வரையும்போது
எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றாளோ.

பதினொன்றுக்குப் பனி விலகியது.
கீழே லயத்து விளக்குகள்,
எண்ணிக்கொண்டே போனேன், ஆறாவது வரிசையில் நாலாவது
எரிந்துகொண்டிருந்தது.
மூன்று முறை அணைத்து ஏற்றும்மா,
நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று
மகள் சொல்லியிருந்தாள்.

தலைமாட்டில் ஒன்பது சுவிட்சுகள்.
ஒன்று. அணைந்து எரிந்தது.
இரண்டு.
மூன்றாவதில் விரல் தவறியது,
திரைச்சீலை தானாகவே,
யாரோ வெளியில் இருந்து இழுப்பதுபோல், மூடிக்கொண்டது.
கையால் இழுத்தால் மோட்டார் உடையுமோ என்ற பயம்.
சம்பளத்தில் வெட்டுவார்கள்.
இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலை ஏழுக்குக் கதவில் மூன்று தட்டு.
"ஹவுஸ்கீப்பிங்!"
முந்தாநாள் சேர்ந்த நிரஞ்சலா.
காலி அறைகளில் நானும் இப்படித்தான் தட்டிப் பழகினேன்,
உள்ளே யாரும் பதில் சொன்னதில்லை.
பதில் என்னவென்று எவரும் சொல்லித் தரவுமில்லை.
"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன்.
பொறுத்த நேரத்தில்
கட்டிலை நானே விரித்து முடித்தேன்.
உள்ளே வந்தவள் துவாயும் கையுமாக நின்றாள்,
செய்ய ஒன்றுமில்லாமல்.

படிவத்தை நிரப்பச் சொன்னார்கள்.
சுடுதண்ணி வர நாலு நிமிஷம்.
மெத்தை மெது அதிகம், இடுப்பு பலகையைத் தேடியது.
சவர்க்காரம் நல்ல வாசம்.
ஜன்னல் காட்சி எப்படி என்ற கேள்விக்கு முன்னால்
கொஞ்ச நேரம் நின்றேன்.
லயம் தெரியும் பக்கமாக நடுவதற்கு
சைப்பிரஸ் கன்றுகள் பன்னிரண்டு
பின் முற்றத்தில் சட்டியோடு காத்திருக்கின்றன.
நேற்று அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியதும் நான்.
'தெளிவு' என்று எழுதினேன்.
மீண்டும் வருவீர்களா?
ஆம், பின்வாசலால்.

வேலை முடிந்து இறங்கும்போது
குறுக்குப் பாதையின் பாதியிலேயே மகள்.
வியன்னாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
"ரெண்டு தடவைதாம்மா வந்துச்சு.
மூணாவதுக்காக
பன்னெண்டு மணி வரைக்கும்
வாசல்லயே நின்னேன்."